பாய்மரப் படகில் எஞ்சின், புரொப்பெல்லர் அதிர்வு: காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறை

இது 25 முதல் 35 அடி வரை நீளமுள்ள, உள்ளே ஒரு சிறிய டீசல் எஞ்சினும், ஸ்டெர்ன் டியூப் எனும் பின்பக்கக் குழாய் வழியாக வெளியே சென்று புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டும் (தண்டு) கொண்ட பாய்மரப் படகுகளுக்கான வழிகாட்டி. செயில்டிரைவ் (நீண்ட ஷாஃப்ட் இல்லாமல், படகின் அடியில் இறங்கும் கால் வழியாகப் புரொப்பெல்லரைச் சுழற்றும் அமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு 7, 8 ஆகிய பகுதிகள் பொருந்தா. மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதிர்வு வந்தவுடன் புதியவர்கள் முதலில் கை வைப்பது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தாங்கியான மவுண்டின் நட்டில்தான். எட்டு நட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் எஞ்சினை ஓட்டிப் பார்த்து, மூன்றாம் நாள் மாலையில் பழைய நிலை எது என்பதே தெரியாமல் நிற்பார்கள். அப்படி ஒரு படகில் கடைசியில் நான் கண்டது, புரொப்பெல்லருக்கும் ஷாஃப்டை வெளியே தாங்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் இறுகியிருந்த ஒரு முழம் நைலான் கயிறு. கயிற்றை அறுத்து எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கும் அலைன்மென்ட் கலைந்திருந்தது; அதைத் திரும்பக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். மவுண்ட் நட்டு இந்த வரிசையில் எட்டாவது இடத்தில்தான் வருகிறது.

1. கையில் இருக்க வேண்டியவை

ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்று, காந்த அடியுடன் கூடிய டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் அளவி) ஒன்று, சுற்று வேகத்தை அளக்கும் லேசர் டாக்கோமீட்டரும் அதற்கான ஒளி திருப்பும் பட்டையும், மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு, பெயின்ட் பேனா, டார்ச், சிறு கண்ணாடி, நோட்டுப் புத்தகம். எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டின் கையேடுகளும் வேண்டும். கியர் விகிதம் கியர்பாக்ஸில் பதித்துள்ள தகட்டிலேயே இருக்கும். அதைப் படித்துக் குறித்துக்கொள்ளாமல் நான்காம் பகுதியைச் செய்ய முடியாது.

லேசர் டாக்கோமீட்டரை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். பல படகுகளில் பலகையிலுள்ள சுற்றுமானி ஆல்டர்னேட்டரிலிருந்து அளவு எடுப்பதால், பெல்ட் வழுக்கினாலோ புல்லி மாற்றப்பட்டிருந்தாலோ பொய் சொல்லும். பத்து சதவீதப் பிழை இருந்தாலே கணக்கு தவறான உறுப்பைக் காட்டிவிடும்.

2. எதையும் தளர்த்துவதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

அதிர்வு எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதே முதல் கேள்வி. படகு கரையேற்றப்பட்டதா, தான் அரிந்து மற்ற உலோகத்தைக் காக்கும் துத்தநாகக் கட்டி புதிதாகப் பொருத்தப்பட்டதா, தரை தட்டியதா, வலையோ கயிறோ சிக்கியதா, பல வாரங்கள் அசையாமல் நின்றதா, டீசல் நிரப்பப்பட்டதா என ஒவ்வொன்றையும் எழுதவும். திடீரென வந்த அதிர்வு பெரும்பாலும் சிக்கல், வளைவு, உடைவு ஆகியவற்றால் வந்திருக்கும். மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்த அதிர்வு தேய்மானத்தையோ தளர்ந்த ரப்பரையோ குறிக்கும்.

பிறகு எல்லா மவுண்ட் நட்டுகளின் இருப்பிடத்தையும் பெயின்ட் பேனாவால் குறித்து, மவுண்டின் மரைத்தண்டான ஒவ்வொரு ஸ்டட்டிலும் நட்டுக்கு மேல் தெரியும் மரையின் நீளத்தை அளந்து எழுதி, நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளவும். எது தவறிப்போனாலும் திரும்பி வருவதற்கான வழி இதுதான்.

3. நான்கு நிலைச் சோதனை

எந்தப் பக்கத்தில் தேட வேண்டும் என்பதை இந்தச் சோதனையே சொல்கிறது. எஞ்சின் முழுச் சூடு அடைந்த பிறகே தொடங்க வேண்டும், ஏனெனில் குளிர்ந்த டீசல் எஞ்சின் இயல்பாகவே முரட்டுத்தனமாக ஓடும்.

முதல் நிலை: படகைத் துறையில் கட்டி, நியூட்ரலில், ஐடில் (மிகக் குறைந்த ஓட்ட) வேகத்திலிருந்து நிமிடத்துக்கு 200 சுற்று வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அரை நிமிடம் நிறுத்தி எழுதவும். ஐடிலில் மட்டும் குலுங்கி மேலே சென்றதும் அடங்கினால், ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, அல்லது மவுண்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது ஐடில் வேகமே மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின் கையேட்டில் சொன்னதைவிட 100 சுற்று குறைவாக ஓடினாலே படகு முழுவதும் ஆடும்.

இரண்டாம் நிலை: கயிறுகளை இரட்டிப்பாகக் கட்டி, முன் கியரில் 1500 சுற்று வரை மட்டும். அதற்கு மேல் போக வேண்டாம். படகு நகராதபோது புரொப்பெல்லர் நின்ற நீரை அடித்துக் குமிழி கிளப்புவதால், அங்கே வரும் அதிர்வு கடலில் வருவதன் சாட்சியாகாது.

மூன்றாம் நிலை: அமைதியான திறந்த நீரில், அதிர்வு மிகுதியாக உள்ள வேகத்தில் ஓட்டிக் குறித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வந்து, மீண்டும் அதே சுற்றுக்கு ஏற்றவும். அதிர்வு மறைந்தால் குற்றம் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. அப்படியே இருந்தால் எஞ்சினிலோ மவுண்டிலோ இருக்கிறது. இதே ஓட்டத்தில் சுக்கானை இருபுறமும் பத்துப் பாகை திருப்பிப் பார்க்கவும். அதிர்வு கைப்பிடியில் கூடிக் குறைந்தால், புரொப்பெல்லர் தள்ளும் நீர் தளர்ந்த சுக்கான் பேரிங்கை ஆட்டுகிறது.

நான்காம் நிலை பாய்மரப் படகுக்கே வாய்த்த வசதி. எஞ்சினை நிறுத்தி, பாய் விரித்து, ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் ஓடும்போது நியூட்ரலில் ஷாஃப்டைத் தானாகச் சுழல விடவும். கியர்பாக்ஸ் கையேடு இதை அனுமதிக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் மௌனமாக இருக்கும்போதும் ஸ்டெர்ன் டியூப் அருகே தட்டலோ ரீங்காரமோ கையில் உணரப்பட்டால், எஞ்சினை முழுவதுமாகக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடலாம். மடங்கும் புரொப்பெல்லர் பாயில் ஓடும்போது மடங்கிக்கொள்வதால் அதற்கு இந்தச் சோதனை உதவாது.

4. அதிர்வு யாருடையது என்று கணக்கிடுதல்

ஒவ்வொரு சுழலும் உறுப்புக்கும் தனக்கெனத் துடிப்பு உண்டு. யான்மார் 2ஜிஎம்20 போன்ற இரண்டு சிலிண்டர் எஞ்சினும் 2.62 விகித கியர்பாக்ஸும் உள்ள படகை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் அதன் துடிப்பு விநாடிக்கு 33.3, அதாவது 33.3 ஹெர்ட்ஸ். ஷாஃப்ட் 2000 வகுத்தல் 2.62, அதாவது ஏறத்தாழ 763 சுற்று. அதன் துடிப்பு 12.7 ஹெர்ட்ஸ். புரொப்பெல்லருக்கு இரண்டு இறக்கை என்றால் 25.4, மூன்று என்றால் 38.2 ஹெர்ட்ஸ்.

ஷாஃப்டின் துடிப்பு வலுவாக இருந்தால் வளைந்த ஷாஃப்ட், சமநிலை கெட்ட புரொப்பெல்லர், மையம் தவறிய கப்ளிங் (கியர்பாக்ஸையும் ஷாஃப்டையும் இணைக்கும் உறுப்பு) ஆகியவற்றில் ஒன்று. இறக்கைத் துடிப்பு வலுவாக இருந்தால் இறக்கை நுனி படகின் அடிப்பாகத்துக்கு மிக அருகே செல்கிறது, அல்லது ஏராக்கட்டையின் (படகின் அடி நடுக்கட்டை) பின்னால் உள்ள கலங்கிய நீரை இறக்கைகள் வெட்டுகின்றன. எஞ்சின் துடிப்பில் பாதி, இங்கே 16.7 ஹெர்ட்ஸ், வழக்கத்தைவிட உயர்ந்தால் ஒரு சிலிண்டர் மற்றதைவிடக் குறைவாக உழைக்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும் என்பதே காரணம். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் இது எப்போதும் ஓரளவு இருக்கக்கூடும் என்பதால், எஞ்சின் நன்றாக இருக்கும் நாளிலும் ஒருமுறை அளந்து வைப்பது நல்லது.

அளப்பதற்குக் கைபேசியின் அதிர்வுச் செயலி போதும். கைபேசியை எஞ்சின் மூடியின் மேல் வைக்கக் கூடாது, மூடி தன் பங்குக்குத் தானும் ஆடும். எஞ்சினைத் தாங்கும் கட்டையின் மேல் தட்டையாக வைத்து அரை நிமிடம் பதிவு செய்யவும். விநாடிக்கு 100 முறை அளக்கும் கைபேசி 50 ஹெர்ட்ஸ் வரையிலான துடிப்பையே நம்பும்படி காட்டும். அதற்கு மேல் தெரியும் எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

இரண்டு வேகங்களில், உதாரணமாக 1600, 2000 சுற்றுகளில், அளப்பது கட்டாயம். உண்மையான காரணம் வேகத்தோடு அதே விகிதத்தில் நகரும். நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் துடிப்பு ஏதோ ஒரு பலகை அல்லது தாங்கியின் சொந்த அதிர்வு. அது விளைவே தவிர மூலம் அன்று.

5. தண்ணீருக்கு அடியில் பார்த்தல்

மூன்றாம் நிலைச் சோதனை பின்பக்கத்தைக் காட்டினால், கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் நீரில் இறங்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து இறங்குபவரே வைத்துக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவரின் நினைவாற்றலை நம்பி யாரும் புரொப்பெல்லர் அருகே போகக் கூடாது.

முதலில் கயிறு, வலை, நெகிழிப் பை. பிறகு கொட்டலசு எனும் ஓடுள்ள கடல் உயிரி. லங்காவி, திருகோணமலை, கொச்சி போன்ற வெப்பநீர்த் துறைகளில் சில வாரங்கள் அசையாமல் நின்ற புரொப்பெல்லரில் அது ஒட்டிப் படர்ந்துவிடும். எல்லா இறக்கைகளிலும் ஒரே அளவில் படிவதில்லை என்பதால் எடை சமநிலையும் கெடும், நீர் தள்ளும் திறனும் குறையும். எஞ்சின் தன் உச்ச சுற்றை எட்டாமல் கரும்புகை விடுவது இதன் இன்னொரு அடையாளம். 2ஜிஎம்20 எஞ்சினின் தொடர் ஓட்ட உச்சம் 3400 சுற்று. முழு வேகத்தில் அது 2800ஐத் தாண்டவில்லை என்றால், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன் சுரண்டியை எடுக்கவும்.

மூன்றாவதாக ஷாஃப்டில் மாட்டியுள்ள துத்தநாகக் கட்டி. இரண்டு பாதிகளில் ஒன்று கரைந்து மற்றது முழுதாக இருந்தால் அதுவே ஒருபக்க எடை. கட்டி பேரிங்கை ஒட்டி இருந்தால் அங்கே செல்லும் நீரையும் தடுக்கும். குறைந்தது ஷாஃப்டின் ஒரு விட்ட அளவு தள்ளி மாட்ட வேண்டும்.

கடைசியாகப் புரொப்பெல்லரை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைக்கவும். 25 மி.மீ. ஷாஃப்டில் ஆட்டம் 1.5 மி.மீ. அளவை நெருங்கினால் ஷாஃப்டின் வெளிமுனையைத் தாங்கும் கட்லெஸ் பேரிங்கை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஷாஃப்டுக்குப் பதிலாகத் தாங்கும் பிராக்கெட்டே அசைந்தால், அல்லது அது படகோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால், அந்தப் படகு எஞ்சினில் ஓடக் கூடாது. அங்கே உடைவது நேராக நீர் உள்ளே வரும் வழி.

6. எஞ்சின் பக்கம்

நியூட்ரலிலும் அதிர்ந்தால் இந்தப் பகுதி. டீசல் வடிகட்டியில் தண்ணீரோ கசடோ இருக்கிறதா, குழாய் இணைப்புகளில் காற்று நுழைகிறதா என்று முதலில் பார்க்கவும். சுற்று ஏறி இறங்கித் தள்ளாடினால் பெரும்பாலும் எரிபொருள்தான்.

அடுத்து, எந்தச் சிலிண்டர் உழைக்கவில்லை என்பது. பழைய இயந்திர வகைப் பம்ப் உள்ள எஞ்சினில், ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் அரைச் சுற்று தளர்த்திப் பார்க்கலாம். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். தளர்த்தியும் ஓசை மாறாத சிலிண்டரே குற்றவாளி. கண்ணாடி அணிந்து, துணி சுற்றி, கையை விலக்கி வைத்தே செய்ய வேண்டும், ஏனெனில் அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லக்கூடியது. காமன் ரெயில் (மிக உயர்ந்த அழுத்தத்தில் பொதுக் குழாயிலிருந்து எரிபொருள் செலுத்தும்) எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது.

எஞ்சின் சரியாக எரிகிறது என்றான பிறகு மவுண்ட். ரப்பர் மீது டீசலும் எண்ணெயும் சொட்டிக்கொண்டே இருந்தால் அது ஊறி மென்மையாகிவிடும். நான்கையும் கண்ணாடி வைத்துப் பார்த்து, உயரத்தை அளந்து ஒப்பிடவும். முன்பக்கத்து இரண்டில் ஒன்று மற்றதைவிடக் கணிசமாகத் தாழ்ந்திருந்தால் அது உட்கார்ந்துவிட்டது. இன்னும் நட்டைத் தொட வேண்டாம், கடப்பாரையால் எஞ்சினை மெல்ல நெம்பி, ரப்பர் உலோகத்திலிருந்து பிரிகிறதா, அடிக்கட்டையில் திருகு தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கவும். புதிய மவுண்ட் போட்டும் அடங்காத சில படகுகளில் அடிக்கட்டையின் உள்ளிருக்கும் மரம் உளுத்துப்போயிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

ஐடிலில் கியர்பாக்ஸ் பக்கம் கடகடவெனக் கேட்டு, வேகம் ஏறியதும் நின்றுபோனால், ஃபிளைவீலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டாம்பர் தட்டின் ஸ்பிரிங்குகள் தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம். அதைப் பார்க்க கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்பதால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிய பிறகே இதற்கு வரவும்.

7. ஷாஃப்டும் கப்ளிங்கும்

கப்ளிங் போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, கீ (ஷாஃப்ட் வழுக்காமல் பூட்டும் சிறு உலோகக் கட்டை) அமரும் பள்ளத்தில் ஆட்டம் உண்டா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. செய்யாமல் தாண்டுபவர்கள் அதிகம். துருப்பொடி சிவப்பாகக் கசிந்திருந்தால் அங்கே உலோகம் உலோகத்தை உரசுகிறது.

பிறகு டயல் கேஜை எஞ்சின் கட்டையில் நிறுத்தி, முள்ளை ஷாஃப்டின் மேல் வைத்து, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றவும். கப்ளிங் அருகேயும் கிளாண்ட் (ஷாஃப்டைச் சுற்றி நீர் உள்ளே வராமல் தடுக்கும் அடைப்பு) அருகேயும் இரண்டு இடங்களில் அளந்து, உச்சமும் தாழ்வும் வரும் நிலைகளைக் குறிக்கவும். கிளாண்டை நோக்கிச் செல்லச் செல்ல ஆட்டம் குறைந்தால் கப்ளிங் முகம் சாய்ந்திருக்கலாம். நடுவில் பெருகினால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல ஷாஃப்டை வெளியே எடுத்து வி வடிவத் தாங்கிகளில் சுழற்ற வேண்டும்.

8. அலைன்மென்ட்

இது படகு நீரில் இருக்கும்போதுதான் செய்யப்பட வேண்டும். கரையில் தாங்குகட்டைகளின் மேல் நிற்கும் படகின் உடல் வேறு வடிவில் வளைந்திருக்கும். இறக்கிய பின் ஒன்றிரண்டு நாள் நீரில் அமர விட்டு, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை வழக்கமான இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, தொட்டிகளில் வழக்கமான அளவு நிரப்பிய பிறகே அளக்கவும். கரையிலேயே முடித்துவிட்டு இறக்கியவர்கள் மறுபடியும் செய்ய நேர்கிறது.

கப்ளிங்கைப் பிரிக்கும் முன் ஷாஃப்டில் ஒரு பிடிப்பு மாட்டவும். ஷாஃப்ட் பின்னால் வழுக்கிப் போனால் புரொப்பெல்லர் சுக்கானில் மோதும். 

பிரித்த ஷாஃப்ட் தன் எடையால் தொங்கும் என்பதைப் புதியவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. 25 மி.மீ. எஃகு ஷாஃப்ட் மீட்டருக்கு ஏறத்தாழ 3.9 கிலோ. தாங்கியிலிருந்து கப்ளிங் வரை 60 செ.மீ. என்றால் அந்தத் துண்டின் எடையில் பாதி 1.2 கிலோ, கப்ளிங்கின் எடை 2 கிலோ என்று கொண்டால் மொத்தம் 3.2 கிலோ. ஸ்பிரிங் தராசில் அந்த அளவு காட்டும் வரை ஷாஃப்டைத் தூக்கி நிறுத்தி, அந்த நிலையிலேயே அளக்க வேண்டும்.

இப்போது கப்ளிங்கின் இரு வட்ட முகங்களான ஃபிளேஞ்சுகளையும் கையால் நெருக்கவும். மையப் பொருத்தம் தானாக விழ வேண்டும். நெம்பித்தான் விழும் என்றால் உயரமோ பக்கமோ தவறியிருக்கிறது. பொருந்திய பின் மேல், கீழ், வலம், இடம் ஆகிய நான்கு இடங்களிலும் ஃபீலர் கேஜால் இடைவெளியை அளக்கவும். ஃபிளேஞ்ச் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு கூடாது, 100 மி.மீ. ஃபிளேஞ்சுக்கு 0.1 மி.மீ.

எழுதிய பின் கியர்பாக்ஸ் பக்கத்தை அசைக்காமல் ஷாஃப்டை மட்டும் 90 பாகை திருப்பி மீண்டும் அளக்கவும். பெரிய இடைவெளி அதே இடத்தில் நின்றால் எஞ்சின் சாய்ந்திருக்கிறது, அதை மவுண்டில் திருத்தலாம். இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றினால் ஷாஃப்டோ கப்ளிங் முகமோ கோணலாக இருக்கிறது; மவுண்டை எவ்வளவு திருப்பினாலும் அது தீராது. இந்த ஒரு திருப்பலைச் செய்யாததால் வீணான நாட்களை எண்ணினால் ஒரு கடற்பயணமே போய் வரலாம்.

எஞ்சின் சாய்வுதான் என்று உறுதியானால் மட்டும் நட்டுகளைத் தொடவும். முதலில் உயரமும் செங்குத்துச் சாய்வும், பிறகு பக்கவாட்டு, ஒரு முறைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். பூட்டு நட்டை இறுக்கியதும் அளவு மாறும். இறுக்கிய பின் எடுத்த அளவே கணக்கு. வளையும் ரப்பர் கப்ளிங் இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்யவும், ஏனெனில் அது கோணலை மறைக்குமே தவிரப் போக்காது.

9. கரையேற்றினால் மட்டும் செய்யக்கூடியவை

கட்லெஸ் பேரிங்கின் தேய்மானத்தைப் படிக்கவும். முன்முனையில் அடிப்பக்கமும் பின்முனையில் மேல்பக்கமும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் சாய்வாக ஓடியிருக்கிறது. சுற்றிலும் சமமாக என்றால் வயதுதான்.

ஒரு பென்சிலை இறக்கை நுனியைத் தொடும்படி அசையாத இடத்தில் கட்டி, புரொப்பெல்லரைச் சுற்றவும். எல்லா நுனிகளும் ஒரே இடத்தைக் கடக்க வேண்டும், 2 மி.மீ.க்கு மேல் விலகினால் நான் அதைப் பட்டறைக்கு அனுப்பிவிடுவேன். மடங்கும் வகையில் ஒவ்வொரு இறக்கையும் ஒரே அளவில், தடங்கலின்றித் திறக்கிறதா என்றும் பார்க்கவும்.

இறக்கை நுனிக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் இடையே புரொப்பெல்லர் விட்டத்தில் 10 முதல் 15 சதவீதம் இடம் வேண்டும், 40 செ.மீ. விட்டத்துக்கு 4 முதல் 6 செ.மீ. பெரிய புரொப்பெல்லர் வாங்கிய பின் தொடங்கிய அதிர்வுக்கு இதுவே காரணமாக இருப்பது உண்டு.

புரொப்பெல்லரைத் திரும்ப மாட்டும்போது முதலில் கீ இல்லாமல் ஷாஃப்டின் கூம்பில் ஏற்றி, நின்ற இடத்தைக் கோடிட்டு, பின் கீயுடன் ஏற்றவும். அதே கோட்டுக்கு வரவில்லை என்றால் கீ உயரமாக இருந்து புரொப்பெல்லரை மையத்திலிருந்து தூக்குகிறது. கீயை அராவிக் குறைக்கவும்.

10. கடல் சோதனை

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மூன்றாம் பகுதியின் சோதனையை அதே சுற்றுகளில், கைபேசியை அதே இடத்தில் வைத்து, மீண்டும் செய்யவும். இரண்டு பழுதுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டால் எது தீர்த்தது என்பது தெரியாமலே போகும். அடுத்த முறை அதிர்வு வரும்போது அது தேவைப்படும். அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் கிளாண்டையும் பேரிங் இருக்கும் இடத்தையும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்கவும்.

புதிய மவுண்ட் போட்டிருந்தால் ரப்பர் எடையில் அமர்ந்து சற்றுத் தாழும் என்பதால், ஏறத்தாழ 25 மணி நேர ஓட்டத்துக்குப் பின் கப்ளிங்கைப் பிரித்து நான்கு இடங்களிலும் மறுபடியும் அளந்து, பழைய அளவுகளுக்குப் பக்கத்திலேயே தேதியுடன் எழுதி வைக்கவும்.